பிழையற்ற திரைக்கு ஒரு புகழ்மாலை

போர்க்கருவிகளுக்குத் திரையும் பொத்தானும் வடிவமைத்துத் தருகிற பெருமக்களை வாயாரப் புகழ இதுவரை யாரும் முன்வரவில்லை. தளபதிகளுக்குச் சிலை இருக்கிறது. வீரர்களுக்கு நடுகல் இருக்கிறது. ஓய்வுபெற்ற பீரங்கிக்குக்கூடப் பூங்காவில் ஒரு மேடை போட்டு வைத்திருக்கிறார்கள். இவர்களுக்கு ஒன்றுமில்லை. இத்தனைக்கும் போர் என்னும் பெருந்தொழிலில் ஒருமுறைகூடத் தவறிழைக்காதவர்கள் இவர்கள் மட்டுமே. கப்பல் மோதும், விமானம் விழும், குண்டு சொந்தப் படைமேலேயே வந்து இறங்கும். விசாரணைக் குழு உட்காரும், மாதக்கணக்கில் ஏடு புரட்டும். கடைசியில், பொத்தானை அழுத்தியவன் பிழை என்று எழுதிக் கையெழுத்திடும். அந்தப் பொத்தானை அந்த இடத்தில் வைத்தவர்மீது ஒரு தூசியும் படியாது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று நம் ஊர்க் கிழவிகள் வருத்தத்தோடு சொல்வார்கள். அதை வருமானத்தோடு செய்துகாட்டியவர்கள் இவர்கள்.

இப்பேர்ப்பட்டவர்களின் தொழிலைக் கெடுக்கவென்றே ஒரு துறை முளைத்திருக்கிறது. யூசபிலிட்டி எஞ்சினியரிங் என்கிறார்கள். பயன்பாட்டுப் பொறியியல் என்று வைத்துக்கொள்வோம். அதன் வேலை இவ்வளவுதான். கருவியைச் செய்து முடிப்பதற்கு முன்பே, அதைப் பிடிக்கப்போகிற சிப்பாயையோ மாலுமியையோ கூப்பிட்டு உட்காரவைப்பது. அவன் எங்கே தடுமாறுகிறான், எதை எதுவென்று நினைத்துக்கொள்கிறான், எவ்வளவு நேரம் தேடுகிறான் என்று பக்கத்திலிருந்து குறித்துக்கொள்வது. பிறகு அவனைத் திருத்தாமல் கருவியைத் திருத்துவது. திருத்திய கருவியோடு மறுபடியும் அவனையே கூப்பிடுவது. இதில் எவ்வளவு மரியாதைக் குறைவு இருக்கிறது பாருங்கள்! கோடிக்கணக்கான டாலர் விழுங்கிய கருவி, பத்தொன்பது வயதுப் பையனின் விரலுக்குத் தக்கபடி வளைய வேண்டுமாம்.

இந்தக் கெட்ட பழக்கம் இரண்டாம் உலகப் போரில் தொடங்கியது. அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானத்தைப் பத்திரமாகத் தரையிறக்கிய விமானிகள் சிலர், ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரத்தை உள்ளே மடக்கிவிடுவார்கள். விமானம் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு உட்காரும். விமானியின் பிழை என்று ஏட்டில் எழுதுவார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. 1943 வாக்கில் ரைட் ஃபீல்டு விமானத் தளத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்த அல்போன்ஸ் சபானிஸ் என்ற இளம் உளவியலாளர், விமானியை விசாரிப்பதை விட்டு விமானியின் இருக்கைக்குப் போய்ப் பார்த்தார். சக்கரத்துக்கு ஒரு விசை. இறக்கையின் மடிப்புத் தகட்டுக்கு ஒரு விசை. இரண்டும் ஒரே உருவத்தில் அக்கம்பக்கமாக இருந்தன. விசைகள் வேறு மாதிரி அமைந்திருந்த சி-47 விமானத்தை ஓட்டியவர்களுக்கு இந்த ‘மறதி’ வரவில்லை. சபானிஸ் ஒரு விசையின் நுனியில் சின்ன ரப்பர் சக்கரத்தையும் மற்றதில் ஆப்புபோன்ற ஒரு துண்டையும் பொருத்தினார். விமானிகளின் புத்திக்கோளாறு மாயமாக மறைந்தது. போர் முடிந்து 1947ல் ஃபிட்ஸ், ஜோன்ஸ் என்ற இருவர் விமானிகளின் 460 பிழைகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். அவற்றில் சரிபாதி, ஒரு விசையை இன்னொன்று என்று எண்ணிப் பிடித்தவை.

ஒரு துண்டு ரப்பரில் தீர்ந்துவிடும் காரியம் என்று ஊருக்குத் தெரிந்தால் தொழிலின் மானம் என்னாவது? நல்லவேளையாக இன்றைய மேதைகள் அந்த ரப்பரை மறந்துவிட்டார்கள். மறந்ததோடு நில்லாமல் விசையையே பிடுங்கி எறிந்தார்கள். பிடுங்கிய இடத்தில் வழவழவென்று ஒரு கண்ணாடியைப் பதித்தார்கள்.

அந்தக் கண்ணாடியின் மகிமையைச் சிங்கப்பூர் நீரிணை 2017 ஆகஸ்ட் 21 விடியற்காலையில் கண்டது. யுஎஸ்எஸ் ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் சிங்கப்பூரை நோக்கி வந்துகொண்டிருந்தது. உலகத்தின் நெரிசல் மிகுந்த கடல்வழிகளில் அந்த நீரிணையும் ஒன்று. இருட்டு, முன்னும் பின்னும் சரக்குக் கப்பல்கள். கப்பலின் மேல்தளத்தில் இருந்த ஓட்டுமேசை பழைய ரகமல்ல. ஒருங்கிணைந்த நவீன முறை. சுக்கானை யார் கையில் கொடுப்பது, வேகத்தை யார் கையில் கொடுப்பது என்பதையெல்லாம் தொடுதிரையில் விரல் வைத்து மாற்றிக்கொள்ளலாம். பழைய கப்பலில் இப்படி வசதி கிடையாது. அங்கே வேகத்துக்கு இரண்டு நெம்புகோல்கள் தடித்தடியாக நின்றுகொண்டிருக்கும். இடது புரொப்பல்லருக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. இரண்டையும் ஒரே உள்ளங்கையில் சேர்த்துப் பிடித்து இழுத்தால் இரண்டும் குறையும். ஒன்று வராவிட்டால் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை, கை சொல்லிவிடும். எவ்வளவு நாகரிகமற்ற முறை!

சுக்கான் பிடித்த மாலுமி வேகத்தையும் சேர்த்துக் கவனிக்கத் திணறுவதைக் கேப்டன் பார்த்தார். வேகத்தை மட்டும் பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் கொடுக்கச் சொன்னார். நியாயமான உத்தரவு. திரையில் விரல்கள் ஓடின. வேகத்தோடு சுக்கானும் சேர்ந்து பக்கத்து இருக்கைக்குப் போய்விட்டது. போனது இவருக்கும் தெரியவில்லை, வந்தது அவருக்கும் தெரியவில்லை. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள். தானத்துக்குச் சொன்ன இலக்கணத்தைச் சுக்கானுக்குக் கொண்டுவந்த பெருந்தன்மையை என்னவென்று புகழ்வது! தன் கையில் இருந்த சக்கரம் வேலை செய்யாததைக் கண்ட முதல் மாலுமி, சுக்கான் போய்விட்டது என்று கத்தினார். கப்பல் மெல்ல இடப்பக்கம் திரும்பத் தொடங்கியது.

வேகத்தைக் குறை என்றார் கேப்டன். இங்கேதான் வடிவமைப்பின் உச்சம். இருக்கை மாறிய போது இரண்டு புரொப்பல்லர்களின் வேகத்தையும் சேர்த்துக் கட்டியிருந்த இணைப்பு அவிழ்ந்திருந்தது. அது அவிழ்ந்திருக்கிறது என்பதைத் திரை தன் வழக்கமான அடக்கத்தோடு ஒரு மூலையில் காட்டிக்கொண்டிருந்தது. அடக்கம் அமரருள் உய்க்கும் அல்லவா? வேகத்தைக் குறைத்தபோது இடது புரொப்பல்லர் மட்டும் குறைந்தது. வலது அதே வேகத்தில் தள்ளிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே இடப்பக்கம் சாய்ந்துகொண்டிருந்த கப்பல் இன்னும் வேகமாகச் சுழன்று, அல்னிக் எம்சி என்ற எண்ணெய்க் கப்பலின் பாதைக்குள் போய் நின்றது. எண்ணெய்க் கப்பலின் முன்மூக்கு, மாலுமிகள் தூங்கிக்கொண்டிருந்த அறையின் சுவரைப் பிளந்து உள்ளே வந்தது. அப்போது மணி 5.24. தண்ணீர் புகுந்த அறையிலிருந்து 10 பேர் வெளியே வரவில்லை. மேல்தளத்தில் இருந்தவர்கள் கடைசி மூன்று நிமிடங்களும் உண்மையில் கெட்டுப்போகாத ஒரு சுக்கானைப் பழுதுபார்க்கப் போராடிக்கொண்டிருந்தார்கள்.

கருவிக்கு எந்தக் கோளாறும் இல்லை. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு கம்பி அறவில்லை, ஒரு திருகு கழலவில்லை. விரல் இட்ட கட்டளையை அது மயிரிழை பிசகாமல் நிறைவேற்றியது.

இன்னொரு நுட்பமும் உண்டு. அந்தக் கருவி பல முறைகளில் ஓடும். மாலுமிகளுக்கு நம்பிக்கை இருந்த முறை, அவசரத்துக்கென்று வைத்திருந்த கைமுறை. அது எளியது, நேரடியானது என்று நினைத்துக் கேப்டன் அதிலேயே ஓட்டச் சொல்லியிருந்தார். அந்த முறையில் மட்டும் ஒரு சலுகை: ஓர் இருக்கை இன்னோர் இருக்கையின் சம்மதம் கேளாமலே சுக்கானை எடுத்துக்கொள்ளலாம். பயத்தில் மனிதன் எந்தக் கதவை நோக்கி ஓடுவானோ அந்தக் கதவுக்கு மட்டும் தாழ்ப்பாள் வைக்காமல் விட்ட முன்யோசனை சாதாரணமானதல்ல. மேல்தளத்தில் இருந்தவர்களில் சிலர் வேறு வகை ஓட்டுமேசை உள்ள இன்னொரு கப்பலிலிருந்து தற்காலிகமாக வந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தத் திரையின் சாதனை இன்னும் பெரிதாகத் தெரியும். அது பழகாதவரையும் பழகியவரையும் வேற்றுமை பாராட்டாமல் நடத்தியது.

அந்த ஆண்டு நவம்பரில் கடற்படை தன் அறிக்கையை வெளியிட்டது. தவிர்த்திருக்கக்கூடிய விபத்து, மேல்தளத்தில் இருந்தவர்களுக்குப் போதிய தேர்ச்சி இல்லை என்றது. மறு ஆண்டு கேப்டன் ராணுவ நீதிமன்றத்தில் கடமை தவறியதாக ஒப்புக்கொண்டார். அந்த மேசையில் மாலுமிகளைப் பழக்க வேண்டிய பொறுப்பில் இருந்தவரும் ஒப்புக்கொண்டார். திரை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நாம் சிரிப்போம். கூடத்தை மெய்யாகவே கோணலாகக் கட்டிவிட்டு, வழுக்கி விழுந்தவளைச் சுட்டி இதே பழமொழியைச் சொல்ல ஒரு தனி நெஞ்சுரம் வேண்டும்.

2019ல் அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் நாகரிகமில்லாமல் நடந்துகொண்டது. பயிற்சிக் குறைவையும் கடற்படையின் மேற்பார்வைக் குறைவையும் முதலில் சொல்லிவிட்டு, அதோடு விடாமல், தொடுதிரையில் கைக்கு உணர்த்த ஒன்றுமில்லாததால் இரண்டு வேகங்களும் பிரிந்துபோனதை அந்த மாலுமியால் உணர முடியவில்லை என்றும் எழுதிவைத்தது. அதே ஆகஸ்டில் கடற்படையின் கப்பல் கட்டும் பிரிவுத் தலைவர் ரியர் அட்மிரல் பில் காலினிஸ், கப்பல்களில் பழையபடி நெம்புகோலைப் பொருத்தப் போவதாகச் சொன்னார். மாலுமிகளைக் கேட்டுப் பார்த்தார்களாம்; முதல் வேலையாக நெம்புகோலைத்தான் கேட்டார்களாம். கேட்பதற்கு ஆன செலவு பத்துக் கோடி டாலருக்கும் மேற்பட்ட சேதமும் 10 உயிரும். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருத்தை யார்தான் மதிக்காமல் இருப்பார்கள்? ஆரம்பத்திலேயே ஒரு மாலுமியைக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்துக் கேட்டிருந்தால் அந்தக் கருத்துக்கு ஒரு மதிப்பும் இருந்திருக்காது.

படைக்கலத்தைப் புகழ்வதில் எனக்கு முன்னோடி ஔவைதான். அதியமானுக்காகத் தூது போனவள், தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்து வியந்தாள். உன்னுடையவை பீலி சூடி, நெய் பூசி, காவல் உள்ள மனையில் எவ்வளவு அழகாக இருக்கின்றன. எங்களுடையவை நுனி சிதைந்து கொல்லனின் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றாள். புறநானூற்றின் 95ஆம் பாட்டு அது. பள்ளிக்கூடத்தில் தொண்டைமானைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். கொல்லனை யாரும் கவனிக்கவில்லை. களத்தில் சிதைந்த வேல் அவனிடம்தான் திரும்பி வந்தது. பிடித்தவன் பக்கத்தில் நின்று, இங்கே வழுக்குகிறது, இங்கே கனக்கிறது என்று சொல்லியிருப்பான். கொல்லன் தட்டிக் கொடுத்திருப்பான். என்ன அநாகரிகமான ஏற்பாடு! இன்றைய ஆயுதக் கண்காட்சிகளில் பீலி சூடி நிற்கிற திரைகளைப் பார்க்கும்போது, தொண்டைமான் கட்சி கடைசியில் வென்றுவிட்டது தெரிகிறது.

மெக்கெய்ன் பிள்ளைவிளையாட்டு. இந்தப் பரம்பரையின் பெருங்காவியம் 1988 ஜூலை 3ஆம் தேதி ஹோர்முஸ் நீரிணையில் அரங்கேறியது. யுஎஸ்எஸ் வின்சென்ஸ் என்ற கப்பலில் ஈஜிஸ் என்ற கருவித்தொகுதி இருந்தது. வானத்தில் நூற்றுக்கணக்கான இலக்குகளை ஒரே சமயத்தில் பின்தொடரக்கூடியது. அன்றைய உலகில் அதற்கு இணை கிடையாது. ஈரான் ஏர் நிறுவனத்தின் 655ஆம் எண் பயணிகள் விமானம் பந்தர் அப்பாஸிலிருந்து துபாய்க்குப் புறப்பட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஈஜிஸ் அதைச் சரியாகவே கண்டது. ஏறுகிறது என்பதையும் சரியாகவே பதிவு செய்தது. கப்பலுக்குள் இருந்தவர்களோ அது இறங்கி வருகிறது, தாக்க வருகிற எஃப்-14 போர்விமானம் என்று நம்பினார்கள். இரண்டு ஏவுகணைகள் பாய்ந்தன. 290 பேர் இறந்தார்கள். அவர்களில் 66 பேர் குழந்தைகள்.

ஏறுவது எப்படி இறங்குவதாகத் தெரிந்தது? கேப்டனுக்கு முன்னால் பெரிய பெரிய திரைகள் இருந்தன. விமானம் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போகிறது என்பதை அவை அழகாகக் காட்டின. எவ்வளவு உயரத்தில் என்பதைக் காட்டவில்லை. அது பக்கத்தில் உள்ள சின்னத் திரையில் வெறும் எண்ணாக வந்துகொண்டிருந்தது. ஏறுகிறதா இறங்குகிறதா என்று அறிய வேண்டுமானால், ஓர் எண்ணைப் பார்த்து, நினைவில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் பொறுத்து அடுத்த எண்ணைப் பார்த்து, மனத்துக்குள் கழித்துக்கொள்ள வேண்டும். வெளியே சிறு படகுகளோடு துப்பாக்கிச் சண்டை நடக்கிறது, கப்பல் வளைந்து வளைந்து ஓடுகிறது, மேசைமேல் இருந்ததெல்லாம் சரிகிறது, கையில் மூன்று நான்கு நிமிடம்தான். அந்த நேரத்தில் மனக்கணக்குப் போடச் சொல்வது, மூளையைத் துருப்பிடிக்க விடாமல் காக்கிற ஏற்பாடு என்றே கொள்ள வேண்டும். ஒரு சின்ன அம்புக்குறியை மேல்நோக்கிப் போட்டிருந்தால் அந்தப் பயிற்சி போயிருக்கும்.

எண் விஷயத்திலும் அதே தாராளம். அந்த விமானத்துக்கு வின்சென்ஸ் முதலில் கொடுத்த அடையாள எண் 4474. பக்கத்துக் கப்பல் ஒன்றும் அதே விமானத்துக்கு வேறொரு எண் கொடுத்திருந்ததால், கருவி இரண்டையும் ஒன்றாக்கி 4131 என்று மாற்றிக்கொண்டது. வீணாகக் கிடந்த 4474ஐப் பிறகு வெகு தொலைவில் பறந்துகொண்டிருந்த ஓர் அமெரிக்க விமானத்துக்கு வழங்கிவிட்டது. அந்த விமானம் உண்மையாகவே இறங்கிக்கொண்டிருந்தது. 4474 என்ன செய்கிறது என்று யாராவது கேட்டால், இறங்குகிறது என்ற பதில்தானே வரும்? பின்னாளில் ஆராய்ந்தவர்கள் இதை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். நான் சிக்கனம் என்கிறேன்.

இந்த வடிவமைப்பின் ஒரே ஒரு நற்செயலையும் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் புகழ்மாலையில் ஒரு பூ குறையும். ஏவுகணையை விடச் சொல்லி உத்தரவு வந்தபோது, மேசையில் இருந்த அதிகாரி தவறான பொத்தான்களையே மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தார் என்று 1992ல் நியூஸ்வீக் எழுதியது. 23 முறை. பிறகு அனுபவமுள்ள ஒரு மாலுமி குறுக்கே கைநீட்டிச் சரியான பொத்தான்களை அழுத்தினாராம். புரியாத பொத்தான்கள் அந்த 290 பேருக்காகத் தம்மால் ஆன மட்டும் போராடிப் பார்த்தன. இன்னும் கொஞ்சம் மோசமாக வடிவமைத்திருந்தால் காப்பாற்றியே இருக்கும்.

விசாரணை முடிந்தது. ஈஜிஸ் வடிவமைத்தபடியே வேலை செய்தது என்று கண்டார்கள். இதைவிடப் பொருத்தமான பாராட்டை என்னாலும் எழுத முடியாது. மன அழுத்தம், வந்த தகவலைத் தாம் எதிர்பார்த்தபடியே திரித்துப் புரிந்துகொண்டது என்று குற்றம் முழுவதும் மனித மண்டைக்குள் கண்டுபிடிக்கப்பட்டது. உயரத்தைப் பெரிய திரையில் காட்டினால் நல்லது என்பது போன்ற சில யோசனைகளும் கூடவே வந்தன. அது ஒரு பெரிய விஷயமல்ல. கப்பலை நடத்திய காலத்துக்காகக் கேப்டனுக்கு 1990ல் லீஜியன் ஆஃப் மெரிட் பதக்கம் கிடைத்தது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 1996ல் 6 கோடியே 18 லட்சம் டாலர் கொடுக்க அமெரிக்கா ஒப்புக்கொண்டது. அம்புக்குறிக்கு எவ்வளவு ஆகியிருக்கும் என்று யாரும் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை.

சில்லறைச் சாதனைகளும் உண்டு. 2001 டிசம்பர் 5ஆம் தேதி காந்தகாருக்கு வடக்கே, இலக்கு இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுக் கொடுத்த கருவிக்குப் பேட்டரி தீர்ந்துபோனது. புதிய பேட்டரி போட்டதும் அந்தக் கருவி தன் சொந்த இடத்தையே காட்டத் தொடங்கியது. அந்த எண்ணையே மேலே இருந்த பி-52 குண்டுவீச்சு விமானத்துக்குச் சொல்லிவிட்டார்கள் என்று அப்போது செய்தி வந்தது. 2,000 பவுண்டு குண்டு சொன்ன இடத்தில் துல்லியமாக வந்து விழுந்தது. 3 அமெரிக்க வீரர்களும் அவர்களோடு நின்ற ஆப்கானியர் சிலரும் மாண்டார்கள். ஆப்கானிஸ்தானின் இடைக்காலத் தலைவராக அன்றைக்குத்தான் தேர்வான ஹமீத் கர்சாய் சிறு காயத்தோடு தப்பினார். விழித்தவுடன் ‘நான் எங்கே இருக்கிறேன்’ என்று முதலில் தன்னைத் தேடிக்கொள்வது ஞானிகளின் குணம். அதைக் கருவிக்கும் ஊட்டியிருந்தார்கள். 2003ல் இராக் போரில் பேட்ரியட் ஏவுகணைத் தொகுதி ஒரு பிரிட்டிஷ் டொர்னாடோ போர்விமானத்தையும், பத்து நாள் கழித்து அமெரிக்காவின் சொந்தப் போர்விமானம் ஒன்றையும் வீழ்த்தியது. தானே தீர்மானிக்கும் அந்தக் கருவிக்கு எதிரில் மனிதனை உட்காரவைத்திருந்தார்கள். மறுப்பதற்குச் சில விநாடிகளும் கருவியை நம்பு என்ற பயிற்சியும் அவனுக்குக் கொடுத்திருந்தார்கள். பிறகு பழியை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் இருக்க வேண்டுமல்லவா?

விதி இல்லாததால் இப்படி நடக்கிறது என்று யாராவது நினைத்தால் அது இவர்களின் திறமையைக் குறைத்து எடைபோடுவது. அமெரிக்க ராணுவத்தில் 1968லிருந்தே மில்-ஸ்டாண்டர்ட் 1472 என்ற தர ஏடு இருக்கிறது. விசை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், இரண்டு விசைகளுக்கு நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும், கையுறை போட்ட கைக்கு எவ்வளவு என்று பக்கம் பக்கமாகச் சொல்கிறது. வேண்டிய ஆட்களும் இருந்தார்கள். கடற்படையின் சொந்த ஆய்வுக்கூடத்திலேயே 1990களின் பிற்பகுதியில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெபோரா ஹிக்ஸ், ஜோசப் கப்பார்ட் முதலியோர் டிராகன் என்ற முப்பரிமாணப் போர்க்கள வரைபடத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதலில் படைவீரர்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டு எழுதினார்கள். பிறகு வல்லுநர்களை விட்டுக் குறை காணச் சொன்னார்கள். அப்புறம் பயன்படுத்துவோரை உட்காரவைத்துப் பார்த்துத் திருத்தி, மறுபடி பார்த்துத் திருத்தி, கடைசியில்தான் எது மேல் என்று ஒப்பிட்டு அளந்தார்கள். மலிவான சோதனை முதலில், செலவு பிடிக்கும் சோதனை கடைசியில். ஒவ்வொன்றிலும் கண்டது அடுத்ததை வழிநடத்தும். படையின் பெரிய திட்டங்களெல்லாம் திரைக்குள் சிக்கித் தவிக்கும்போது, பயனர்கள் எந்த வேலை செய்தாலும் அடியில் இருக்கும் இடறல் அந்த வரைபடத்துக்குள் நகர்வதுதான் என்று கண்டுபிடித்து, அதைச் சரிசெய்வதில் காலத்தைச் செலவிட்டார்கள், பாவம். கண்காட்சியில் காட்ட அதில் என்ன இருக்கிறது?

கையில் விதி இருக்க, ஆள் இருக்க, வழி இருக்க, அவற்றையெல்லாம் தாண்டி வருவதுதான் சாதனை. அந்த வகையில் அண்மைக் காலத்தின் மணிமகுடம் ஐவாஸ் என்ற கண்ணாடி. காலாட்படை வீரனின் முகத்தில் மாட்டினால் வரைபடம், இரவுக் காட்சி, எதிரியின் குறி எல்லாம் கண்முன் மிதக்கும். 2021 மார்ச்சில் மைக்ரோசாஃப்டோடு பத்தாண்டுக்கு 2,188 கோடி டாலர்வரை போகக்கூடிய ஒப்பந்தம் போட்டார்கள். சோதனையில் மாட்டிப் பார்த்த வீரர்களுக்குத் தலைவலி வந்தது, குமட்டல் வந்தது, கண் வலித்தது. எதிரிக்கு வரவேண்டியவை முகவரி மாறி வந்திருக்கலாம்.

இந்தத் திட்டத்தில் வீரர்களைக் கேட்கவே இல்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. கேட்டார்கள். பலமுறை கூப்பிட்டு மாட்டிவிட்டுக் கேட்டார்கள். கருத்துப் படிவங்கள் குவிந்தன. வீரர்களில் எத்தனை பேர் சரி என்றால் சரி என்பதை மட்டும் முன்கூட்டி எழுதி வைத்துக்கொள்ளவில்லை. 2022 ஏப்ரலில் பாதுகாப்புத் துறையின் தலைமைத் தணிக்கை அலுவலகம் இதைக் கண்டுபிடித்தது. பயனரின் ஏற்பு இன்ன அளவு என்று வரையறுக்காமல் வாங்கினால் 2,188 கோடி டாலரும் வீணாகலாம். வீரர்கள் விரும்பாத, பயன்படுத்தாத பொருளை வாங்கியதாகிவிடும் என்று எழுதியது. பயன்பாட்டுப் பொறியியலை எதிர்த்து நிற்பது பழைய தலைமுறையின் முரட்டுத்தனம். அதை வரவேற்று, உட்காரவைத்து, உபசரித்து, அது சொன்னதை எந்த முடிவுக்கும் கட்டுப்படாத இடத்தில் பத்திரமாக வைத்துவிடுவது புதிய தலைமுறையின் பண்பாடு. கேட்பது போலவும் ஆயிற்று, கேளாதது போலவும் ஆயிற்று. இந்தக் கலையில் உலகத்தின் எல்லா அரசு அலுவலகங்களும் பாடம் கற்கலாம். சில ஏற்கெனவே கற்பிக்கும் நிலையில் இருக்கின்றன. 2025 தொடக்கத்தில் திட்டம் கைமாறி ஆண்டுரில் என்ற நிறுவனத்திடம் போனது. புதியவர்கள் முன்னோரின் பெயரைக் காப்பாற்றுவார்கள் என்று எதிர்பார்க்கலாம்.

ஆகவே, படைக்கருவி வாங்கும் குழுக்களில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கு, அவர்கள் எந்த நாட்டினராயினும், ஒரு வேண்டுகோள். செயல்விளக்கம் பார்க்கப் போகும்போது பகலில் போங்கள். குளிரூட்டிய அறையாக இருக்கட்டும். கருவியைச் செய்தவரே அதை ஓட்டிக் காட்டட்டும். அவர் விரலுக்கு எல்லாப் பொத்தானும் தெரியும். கப்பல் ஆடக் கூடாது, மணி அடிக்கக் கூடாது, யாரும் சுடக் கூடாது. இரவுக் காவல் முடித்துத் தூக்கம் கெட்ட மாலுமி யாரையும் தப்பித்தவறிக்கூட அழைத்துப் போகாதீர்கள். அழைத்துப் போனால் அவர் திரையின் முன் உட்கார்ந்து, இந்த ஒன்று எங்கே இருக்கிறது என்று கேட்பார். அதற்குப் பிறகு நீங்கள் கையெழுத்துப் போட முடியாது.